பாட்டியோடு பேசாத தமிழ்



சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேக்கா சந்தைக்குச் சென்றிருந்தேன். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, "வணக்கம் ஆசிரியர்" என்று ஒரு குரல் கேட்டது. என்னிடம் தொடக்கநிலை ஐந்தில் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன், கையில் கூடையுடன் நின்றிருந்தான். பக்கத்தில் அவனுடைய பாட்டி, மீன்காரரிடம் மலாய் மொழியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது.

"டீச்சர், இவன் ஒங்க வகுப்புல தமிழ் பேசுறானா? வீட்டுல நான் என்ன கேட்டாலும் தலையத்தான் ஆட்டுறான்."

"நன்றாகப் படிக்கிறான் அம்மா. உங்களைப் பற்றிக்கூட அழகாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறான்" என்றேன். அது பொய்யன்று. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் 'என் பாட்டி' என்னும் தலைப்பில் அவன் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தேன். பாட்டி அன்பே உருவானவர் என்றும், அறுசுவை உணவு சமைத்துக் கொடுப்பார் என்றும், இரவில் நன்னெறிக் கதைகள் கூறி உறங்க வைப்பார் என்றும் எழுதியிருந்தான். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அதைப் பெருமையுடன் அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "கதையா? நான் சொன்னா அவனுக்கு எங்கம்மா புரியுது? அவனோட இங்கிலீஷ் எனக்கு வராது. என்னோட தமிழ் அவனுக்கு வராது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல டிவிதான் பேசிக்கிட்டு இருக்கு."

மாணவன் தலைகுனிந்து நின்றான். உண்மையில் தலைகுனிய வேண்டியவள் நான்தான். அந்தச் சொற்றொடர்களை வெண்பலகையில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்து வரச் சொன்னவள் நானல்லவா? தன் வீட்டில் நடக்காத ஒன்றைப் பிழையின்றி எழுத ஒரு சிறுவனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு, அதற்குத் தமிழ்க் கல்வி என்று பெயரிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் எண்ணங்களையே இங்கே எழுதுகிறேன்.

எண்கள் சொல்லும் செய்தி

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களுள், வீட்டில் மிகுதியாக ஆங்கிலமே பேசுவோர் 2000ஆம் ஆண்டில் 35.6 விழுக்காட்டினர், 2010இல் 41.6 விழுக்காட்டினர், 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 59.2 விழுக்காட்டினர். இந்தியர் என்னும் பிரிவில் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர் எனப் பலரும் அடங்குவர் என்பது உண்மையே. எனினும், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்கள் அனைவரையும் கணக்கில் எடுத்தால், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோரின் பங்கு 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. சீனர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும்கூட ஆங்கிலமே ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே, இது தமிழரின் தனிக்குறை என்று நம்மை நாமே பழித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே வேளையில், மிகச் சிறிய சமூகத்தின் மொழி என்பதால் நமக்கு இழப்பு விரைவில் வந்து சேரும் என்பதை மறக்கவும் கூடாது.

அதே கணக்கெடுப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசுவோருள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர், இரண்டாவதாகத் தங்கள் இனத்தாரின் மொழி ஒன்றையும் வீட்டில் பேசுகின்றனர். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று. அந்த இரண்டாவது மொழி யாரோடு, எப்போது, எதற்காகப் பேசப்படுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தடை போட்ட நாடும் தாங்கிப் பிடித்த நாடும்

குடியேறியவர்களின் மொழி மூன்று தலைமுறைகளில் மறைந்துவிடும் என்பது அமெரிக்காவைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கருத்து. முதல் தலைமுறை தன் மொழியோடு வந்து இறங்கும். இரண்டாம் தலைமுறை வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரு மொழிகளில் வாழும். மூன்றாம் தலைமுறைக்கு ஆங்கிலம் மட்டுமே எஞ்சும்.

அங்கே மொழிகள் தாமாகவே மறையவில்லை. சில இடங்களில் விரட்டப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919இல், நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர்த்த வேறு மொழியைக் கற்பிப்பது குற்றம் என்றது அச்சட்டம். ராபர்ட் மேயர் என்பவர் லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர். 1920இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக் கொடுத்ததற்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் பணியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1923இல் அவருக்குச் சார்பாக முடிந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மொழிக்காக நீதிமன்றம் ஏறி வென்ற அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால், அதன் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜெர்மானிய வழியில் வந்தவர்கள் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் இன்று அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேல் உள்ளனர். அவர்களுள் வீட்டில் ஜெர்மன் பேசுவோர் மிகச் சிலரே. கற்பிக்கும் உரிமையை நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. வீட்டில் பேசும் பழக்கத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுக் கொடுக்க இயலாது.

நம் நிலையோ முற்றிலும் வேறு. இங்கே தமிழுக்கு எவரும் தடை போடவில்லை. 1965இல் நாடு விடுதலை பெற்றபோதே ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழியாயிற்று. நாடாளுமன்றத்தில் தமிழில் உரையாற்றலாம். நம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாளிதழாகத் தமிழ் முரசு, தொலைக்காட்சியில் வசந்தம், வானொலியில் ஒலி 96.8 ஆகியவை உள்ளன. வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் ஏப்ரல் மாதம் முழுவதும் தமிழ்மொழி விழா நடக்கிறது. பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர், தேர்வு என எல்லாவற்றையும் அரசு தருகிறது. மேயர் என்னும் அந்த ஆசிரியர் கனவிலும் கண்டிராத வசதிகள் இவை.

அப்படியிருந்தும், அங்கே தடை நிகழ்த்தியதையே இங்கே வசதிக்கு நடுவிலும் காண்கிறோம். இதிலிருந்து நான் உணர்வது ஒன்றுதான். அரசு ஒரு மொழிக்கு இருக்கை தரலாம்; பேச ஆள் தர முடியாது. அந்த ஆளைத் தர வேண்டியது வீடு. அந்த ஆளோடு பேசும் துணிவைத் தர வேண்டியது பள்ளி.

நாம் எப்படி இங்கு வந்து சேர்ந்தோம்?

தமிழர் இத்தீவுக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். ராஃபிள்ஸ் வந்த 1819ஆம் ஆண்டிலேயே நாராயண பிள்ளையும் வந்துவிட்டார். 1887இல் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் இங்கு அச்சாகியிருக்கிறது. ஒரு காலத்தில் தமிழுக்குத் தனித்தனி வட்டாரங்கள் இருந்தன. துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த தஞ்சோங் பகார், கடற்படைத் தளத்தை ஒட்டிய செம்பவாங், வணிகர் நிறைந்த சிராங்கூன் சாலை ஆகிய இடங்களில் பிள்ளைகள் தெருவில் விளையாடியபோதே தமிழ் கற்றனர். ஆசிரியர் தேவைப்படவில்லை, அண்டை வீடே போதுமானதாக இருந்தது. உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி போன்ற பள்ளிகளில் கணக்கும் அறிவியலும்கூடத் தமிழிலேயே கற்பிக்கப்பட்டன.

பின்னர், ஒன்றன்பின் ஒன்றாக மாற்றங்கள் வந்தன. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறின. கம்பங்கள் கலைந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்து வாழ்கின்றனர். இனக் கலவரங்களைக் கண்ட நாட்டில் இது நன்மையே. நான் அதைக் குறை கூற மாட்டேன். ஆனால், அதன் விளைவாகத் தமிழ்ச் சிறுவனுக்குத் தமிழ் பேசும் அண்டை வீட்டுத் தோழன் இல்லாமற்போனான். மாணவர் எண்ணிக்கை சுருங்கி, உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையமே இன்று பீட்டி சாலையில் இயங்குகிறது. 1987 அளவில் நாட்டின் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தையே முதன்மைப் பயிற்று மொழியாகக் கொண்டுவிட்டன. அதற்கு முன்பு பாடங்களையெல்லாம் சுமந்த தமிழ், அதன் பின் ஒரு பாடமாயிற்று.

இன்று லிட்டில் இந்தியா, நம்மில் பெரும்பாலோர் வாழும் இடமன்று. போய் வரும் இடம். தீபாவளிக்கு முன் புடவை எடுக்கவும், பொங்கலுக்குக் கரும்பு வாங்கவும், ஞாயிறன்று தோசை சாப்பிடவும் செல்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழும் அவ்வாறே ஆகிவிட்டது. வாரத்தில் சில மணி நேரம் போய் வருகிறார்கள், அங்கே குடியிருப்பதில்லை.

மொழி போனால் என்ன?

"மொழி போனால் என்ன, டீச்சர்? தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், சோற்றில் சாம்பார் ஊற்றித்தான் சாப்பிடுகிறோம். நாங்கள் தமிழர் இல்லையா?" என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும்.

மலாக்காச் செட்டிகளை எண்ணிப் பாருங்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. பல நூற்றாண்டுகளாக அவர்கள் பேசுவது மலாய் கலந்த பேச்சு. உடையிலும் உணவிலும் பெரானாக்கான் சாயல். ஆயினும், இந்து சமயத்தை விடவில்லை. போகியும் பொங்கலும் இன்றும் அவர்கள் வீடுகளில் உண்டு. மலாக்காவில் அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. அவர்களின் வரலாற்றைப் பற்றி 2018இல் நம் இந்திய மரபுடைமை நிலையத்திலும் ஒரு கண்காட்சி நடந்தது. மொழியை இழந்தும் ஒரு மக்கள் தம்மைத் தாமே அறிந்து, பெருமையோடு வாழ இயலும் என்பதற்கு அவர்களே சான்று. தென்னாப்பிரிக்காவில் 1860 முதல் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்களும் அப்படியே. காவடி நிலைத்திருக்கிறது, தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்களைப் பார்த்து, "நீங்கள் தமிழர் அல்லர்" என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆகவே, மொழி போனால் அடையாளமே அழிந்துவிடும் என்று மேடையில் முழங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அது உண்மையன்று, பிள்ளைகளை அச்சுறுத்தவே அது பயன்படுகிறது. ஆனால், தேக்கா சந்தையில் நான் கண்டது வேறு. மலாக்காவில் மொழி மாற்றம் பல தலைமுறைகளில் மெல்ல மெல்ல நடந்திருக்கும். பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு பேச்சு எப்போதும் இருந்திருக்கும். நம் வீடுகளிலோ ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கிடையே மொழி அறுந்து போகிறது. 'தமிழினம்' என்னும் பெரிய சொல் நமக்கு இப்போது வேண்டாம். ஒரு மூதாட்டி தன் கதையைத் தன் பேரனிடம் சொல்ல முடியாமல் கண்ணை மூடப் போகிறார் என்பதே இழப்பு. அந்தச் சிறுவன் இருபத்தைந்து வயதில் தன் வேர்களைத் தேடலாம். அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க்கஸ் லீ ஹான்சன், குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அத்தகைய தேடல் எழுவதை 1938லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். தேடும்போது கோயில் இருக்கும், சாம்பார் இருக்கும், அருங்காட்சியகமும் இருக்கும். பாட்டி இருக்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பாட்டி மீன்காரரிடம் சரளமாக மலாய் பேசினார். ஹொக்கியன் மொழியிலும் எண்ணத் தெரியும் என்றார். இந்த ஊரோடு இணைவதற்காக அவர் தமிழை விடவில்லை. தமிழோடு மேலும் இரண்டைச் சேர்த்துக்கொண்டார். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்னும் கணக்கு, படித்தவர்களாகிய நம்முடையது.

நம் முன்னோடிகளும் அப்படிக் கணக்குப் போடவில்லை. திருவாரூரிலிருந்து வந்து, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் இந்நாட்டின் குடியுரிமையைப் பெற வேண்டும் என்று ஊர் ஊராக வலியுறுத்தினார். அவரே 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் தம் இதழில் ஏற்படுத்திப் பிள்ளைகளைத் தமிழில் எழுத வைத்தார். அவர் மணந்தது ஒரு சீனப் பெண்மணியை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த சி. ராஜரத்தினம்தான், நம் பிள்ளைகள் நாள்தோறும் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர். முழுச் சிங்கப்பூரராக இருப்பதும் தமிழ் பேசுவதும் பகையானவை என்று இந்நாட்டின் வரலாறு சொல்லவில்லை.

ஆசிரியர்களாகிய நாம்

முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்து, "டீச்சர், நேத்து நான் பாட்டிகூட பசார் போனேன்" என்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "நேத்து இல்லை, நேற்று. பாட்டிகூட இல்லை, பாட்டியுடன். பசார் மலாய்ச் சொல், சந்தை என்று சொல்." ஒரே வாக்கியத்தில் மூன்று திருத்தங்கள். அந்தப் பிள்ளை இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. பாட்டியோடு சந்தைக்குப் போய் என்ன பார்த்தது என்பதை நாம் கடைசி வரை அறியவும் இல்லை. நானும் இப்படித்தான் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

'பசார்' பிழையான சொல்லா? இந்தத் தீவில் மலாய்க்காரரோடும் சீனரோடும் வாழ்ந்த தமிழரின் வரலாறு அச்சொல்லில் இருக்கிறது. 'தேக்கா' என்பதே ஹொக்கியன் வழி வந்த பெயர். 'கடை', 'கப்பல்' என்னும் நம் சொற்கள் மலாய் மொழியில் இன்றும் வழங்குகின்றன. கொடுத்தோம், வாங்கினோம். கட்டுரையில் 'சந்தை' என்று எழுதக் கற்பிப்பது நம் கடமை. ஆனால், பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல்லை இழிவென்று காட்டுவது நம் வேலையன்று. வீட்டில் கேட்கும் தமிழ் தவறு, புத்தகத்துத் தமிழே சரி என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால், அது புத்தகத் தமிழில் பாட்டியோடு பேசப் போவதில்லை. ஆங்கிலத்திற்கு மாறிவிடும், அல்லது தலையை ஆட்டும்.

இந்த உண்மையை உணர்ந்துதான், 2005இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, படித்தவர்கள் இயல்பாகப் பேசும் பேச்சுத்தமிழை வகுப்பறையில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாடத்திட்டம் மாறியது, பயிற்சிகளும் நடந்தன. நம் காதுகள் மாறினவா என்பதுதான் ஐயம். எழுத்துத் தமிழின் மீது எனக்குள்ள பற்றில் குறைவில்லை. இக்கட்டுரையையே அந்நடையில்தான் எழுதுகிறேன். ஆனால், பேசத் தொடங்காத குழந்தைக்கு எழுத்துத் தமிழ் ஒருபோதும் சொந்தமாகாது.

தமிழகத்திலிருந்து அண்மையில் வந்த குடும்பங்களின் பிள்ளைகளை முன்னிறுத்தி, "அவர்கள் பேசுவதைப் பாருங்கள்" என்று உள்ளூர்ப் பிள்ளைகளை ஒப்பிடுவதையும் நாம் விட வேண்டும். தொடக்கநிலை ஒன்றில் கலகலவென்று தமிழ் பேசிய அந்தப் பிள்ளைகளும் நான்காம் ஆண்டில் ஆங்கிலத்திற்கு மாறுவதை நான் கண்டிருக்கிறேன். இருவரும் ஒரே படகில் இருக்கிறார்கள். ஒருவர் சற்றுப் பின்னால் ஏறினார், அவ்வளவுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, உங்கள் அச்சத்தை நான் அறிவேன். ஆங்கிலம் சோறு போடும் மொழி. நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில் அதற்காகப் பட்ட பாட்டை உங்கள் பிள்ளை படக்கூடாது என்று நினைக்கிறீர்கள். அதில் தவறில்லை. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள். வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணுடன் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியுள்ளது. இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்து, தமிழில் பேச வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பது எளிதன்று.

எனவே, நாள் முழுவதும் தமிழே பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வேளையைத் தமிழுக்கென ஒதுக்குங்கள். இரவு உணவாக இருக்கட்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையாக இருக்கட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். அது தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். உறவினர் சிரித்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை எழுந்த சிரிப்பால் தமிழ் பேசுவதையே விட்டுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். பிள்ளையின் காதுபட, "தமிழ் ரொம்பக் கஷ்டம், நானும் பரீட்சைக்குத்தான் படிச்சேன்" என்று சொல்லாதீர்கள். துணைப்பாட வகுப்புக்குச் செலவிடும் பணத்தைக் குறை கூறவில்லை. ஆனால், வாரம் ஒரு மணி நேரத் துணைப்பாடத்தைவிட, பாட்டியோடு கழியும் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு அதிகம் தரும். வாய்மொழித் தேர்வுக்கும் அது உதவும் என்பதை ஆசிரியர் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

மீண்டும் பாட்டி

தேக்காவில் நடந்ததற்குப் பிறகு, என் வகுப்பில் 'என் பாட்டி' என்னும் தலைப்பை மாற்றினேன். வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு வர வேண்டும். விடைகளை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். தெரியாத சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லையே போட்டுக்கொள்ளலாம். வீட்டில் முதியவர் இல்லாதோர் அண்டை வீட்டாரையோ, தொலைபேசியில் ஊரில் உள்ளவரையோ கேட்கலாம். மனப்பாடச் சொற்றொடர்களுக்கு மதிப்பெண் இல்லை.

அந்த மாணவன் பதினொரு வரிகள் எழுதி வந்தான். பாட்டி எட்டு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தாராம். கப்பலின் பெயர் 'ரஜூலா'. வழியெல்லாம் வாந்தி எடுத்தாராம். அவருடைய அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டே வந்தாராம். சிங்கப்பூரில் இறங்கியதும் அப்பாவை அடையாளம் தெரியவில்லையாம்; நான்கு ஆண்டுகளாக அவரைப் பார்த்ததில்லை. வரிக்கு வரி ஆங்கிலச் சொல். 'ர'கரமும் 'ற'கரமும் இடம் மாறிக் கிடந்தன. 'கப்பல்ல', 'வந்தாங்க' என்றே எழுதியிருந்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். பிழைகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

"உன் பாட்டி வேறு என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இன்னும் நெறைய இருக்காம், டீச்சர். சனிக்கிழமை சொல்றேன்னாங்க" என்றான்.

அன்பர்களே, நம் சமூகத்தில் 'ரஜூலா'வில் வந்தவர்கள் இனிப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இருக்கும் சிலருடைய கதைகள் எந்த மொழியில் காத்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசப் போகிறார்கள்?

அன்புடன்,
உங்களுள் ஒருத்தி